ஒடியாத கிளை

என் பள்ளிநாள் அஞ்சல்தலைத் தொகுப்பில், மேற்கு ஆப்பிரிக்காவுக்கென்று ஒதுக்கிய பக்கத்தில், மூன்று நாடுகளின் தலைகளை வரிசையாக ஒட்டி வைத்திருந்தேன். ஒன்றில் தஹோமி குடியரசு என்றும், அடுத்ததில் பெனின் மக்கள் குடியரசு என்றும், மூன்றாவதில் வெறுமனே பெனின் குடியரசு என்றும் பிரெஞ்சு மொழியில் அச்சாகியிருந்தது. மூன்றும் ஒரே நாடுதான் என்பது கல்லூரிக் காலத்தில்தான் தெரிந்தது. அந்த மூன்று பெயர்களின் காலத்திலும் ஒரே மனிதர் அந்நாட்டின் அதிபராக இருந்திருக்கிறார் என்பது அதற்கும் பிறகு தெரியவந்தபோது, அவரைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ராணுவப் புரட்சியில் ஆட்சிக்கு வந்து, மார்க்சிய-லெனினியத்தை அரச கொள்கையாக அறிவித்து, பதினைந்து ஆண்டு கழித்து அதைக் கைவிட்டு, தேர்தலில் தோற்று, மன்னிப்புக் கேட்டு வீட்டுக்குப் போய், ஐந்தாண்டில் மக்கள் வாக்கால் திரும்பி வந்து, இன்னும் பத்தாண்டு ஆண்டபின் சட்டம் குறித்த நாளில் நாற்காலியை விட்டு எழுந்துபோன மத்தியூ கெரெகூதான் அவர்.

தமிழில் அரசியல்வாதி ஒருவரைப் பச்சோந்தி என்று சொன்னால் அது வசை. கெரெகூவை அவர் நாட்டில் எல்லோரும் பச்சோந்தி என்றுதான் அழைத்தார்கள். ஆனால் அந்தப் பெயரை எதிரிகள் சூட்டவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். ‘பச்சோந்தியின் கைகளில் கிளை ஒடியாது’ என்பது அவர் தமக்கென வைத்துக்கொண்ட வாசகம். அபோமேயிலிருந்து ஆண்ட பழைய தஹோமி அரசர்கள் ஒவ்வொருவரும் ஒரு சின்னத்தையும் ஒரு சொலவடையையும் தமக்கென்று ஏற்பது வழக்கம். அவர்களுள் அகாபா என்ற அரசருக்குரிய சின்னங்களில் பச்சோந்தியும் உண்டு; மெல்ல மெல்லப் போனாலும் பச்சோந்தி இலவ மரத்தின் உச்சியை அடைந்துவிடும் என்பது அவருடைய சொலவடை. ஆகவே அந்த மண்ணில் பச்சோந்தி என்றால் நிறம் மாறுவது மட்டும் நினைவுக்கு வருவதில்லை. நிதானமாகக் கால்வைத்து, பிடியைச் சோதித்துப் பார்த்தபின் அடுத்த அடி எடுத்து வைப்பதும் சேர்ந்தே வருகிறது.

கெரெகூ உண்மையிலேயே மனம் மாறினாரா, நடித்தாரா என்ற கேள்வியைச் சுற்றியே அவரைப் பற்றிய பெரும்பாலான எழுத்துகள் சுழல்கின்றன. அந்தக் கேள்விக்கு விடை தேடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். நிறம் மாறும் பிராணியைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், அது உட்கார்ந்திருந்த கிளையைப் பற்றி அதிகம் பேசவில்லை என்பதே என் குறை.

1960 ஆகஸ்ட் 1 அன்று பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற தஹோமியை மூன்று தலைவர்கள் தமக்குள் பங்கிட்டு வைத்திருந்தார்கள். வடக்கு ஹூபேர் மாகாவுக்கு, போர்த்தோ-நோவோவைச் சுற்றிய தென்கிழக்கு சூரு-மிகான் அபிதிக்கு, அபோமே வட்டாரம் ஜுஸ்தேன் அஹோமதெக்பேவுக்கு என்று வாக்குகள் பிரிந்து கிடந்தன. எந்த இருவர் சேர்ந்தாலும் மூன்றாமவர் தெருவுக்கு ஆள் இறக்குவார். உடனே ராணுவம் வரும். 1963, 1965, 1967, 1969 என்று ஆட்சிக்கவிழ்ப்புகள் அடுக்கடுக்காக நிகழ்ந்தன. ‘ஆப்பிரிக்காவின் நோயாளிக் குழந்தை’ என்று அந்நாட்டுக்குப் பட்டப்பெயரே விழுந்தது. கடைசியில் 1970இல் மூவரும் இரண்டிரண்டு ஆண்டுக்கு ஒருவராகச் சுழற்சி முறையில் அதிபராவது என்று ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மாகா தம் தவணையை முடித்து 1972 மே மாதம் அஹோமதெக்பேவிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அபிதியின் முறை வரவேயில்லை.

1972 அக்டோபர் 26 அன்று அமைச்சரவைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது வீரர்கள் உள்ளே புகுந்தார்கள். திட்டத்தின் முதுகெலும்பாக இருந்தவர்கள் மிஷேல் அய்க்பே முதலிய இளம் கேப்டன்கள். தங்களுக்கு மூத்தவரான மேஜர் கெரெகூவை அவர்கள் தலைவராக முன்னிறுத்தினார்கள். அப்போது அவருக்கு வயது 39. 1933இல் வடமேற்கில் நாதித்திங்கு ஊருக்கு அருகே உள்ள குவார்ஃபாவில் பிறந்து, பிரெஞ்சுக்காரர்கள் மாலியிலும் செனகலிலும் நடத்திய ராணுவப் பள்ளிகளில் படித்து, பிரெஞ்சுப் படையில் பணியாற்றி, விடுதலைக்குப்பின் மாகாவுக்கே மெய்க்காவல் அதிகாரியாக இருந்தவர். தெற்கத்திய அரசியல் குழுக்களோடு ஒட்டுறவு இல்லாத வடக்கத்திக்காரர் என்பதே அன்று அவருக்கு இருந்த பெரிய தகுதி. ஆட்டத்தைத் தொடங்கியவர்கள் வேறு, நிலைத்தவர் இவர்.

இரண்டு ஆண்டு கழித்து, 1974 நவம்பர் 30 அன்று, அபோமேயின் கோஹோ சதுக்கத்தில் அவர் மார்க்சிய-லெனினியத்தை நாட்டின் வழியாக அறிவித்தார். பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போரிட்ட அரசர் பெஹான்சின், தளபதி டாட்ஸிடம் 1894இல் தம்மை ஒப்படைத்தது அந்த கோஹோவில்தான். இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே ஒரு பேச்சு அடங்கியிருந்தது. சரியாக ஓராண்டு கழித்து நாட்டின் பெயர் மாறியது. தஹோமி என்பது தெற்கத்திய அரசு ஒன்றின் பெயர், வடக்கில் அது அடிமை பிடித்த படைகளின் பெயராகவும் நினைவில் இருந்தது. ஆகவே எந்த இனத்துக்கும் சொந்தமில்லாத, கடற்கரையை ஒட்டிய வளைகுடாவின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். வெண்கலச் சிற்பங்களுக்குப் பேர்போன பழைய பெனின் அரசு இன்றைய நைஜீரியாவுக்குள் இருக்கிறது. இந்த நாட்டுக்கும் அதற்கும் பெயர் ஒன்றுதான் பொது.

புரட்சிக் காலத்தின் அரசு நாளேட்டுக்கு ‘எஹுசு’ என்று பெயர். ஃபோன் மொழியில் ‘மாறிவிட்டது’ என்று பொருள். மாறியது என்னவோ உண்மைதான். வங்கிகளும் எண்ணெய் வணிகமும் அரசுடைமையாயின, பள்ளிகள் அரசின் கீழ் வந்தன, ஒரே கட்சி நாட்டை ஆண்டது. ஊர்ப்புறங்களில் சூனியத்தையும் நிலப்பிரபுத்துவத்தையும் ஒழிப்பது என்ற பெயரில் வோடூன் என்ற மரபுச் சமயத்தின் பூசாரிகள் துன்புறுத்தப்பட்டார்கள், கோயில் மரங்கள் வெட்டப்பட்டன. எதிர்த்துப் பேசியவர்கள் வடகோடியில் உள்ள செக்பானா சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். சித்திரவதைக்கு அந்தப் பெயர் இன்றும் பெனினில் மறுபெயராக இருக்கிறது. 1972இல் அவரை மேலே ஏற்றிவிட்ட கேப்டன் அய்க்பே, உள்துறை அமைச்சராக இருந்தபோது 1975 ஜூனில் அதிபரின் காவல் வீரர்களால் சுட்டுக்கொல்லப்பட்டார். அரசு அதற்கு ஒரு தனிப்பட்ட காரணத்தைச் சொன்னது; தொழிற்சங்கங்கள் அதை நம்பாமல் வேலைநிறுத்தத்தில் இறங்கின.

1977 ஜனவரி 16, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஒரு விமானம் துறைமுக நகரான கொத்தோனூவின் விமான நிலையத்தில் இறங்கியது. அதிலிருந்து இறங்கியவர்கள் பொப் தெனார் என்ற பிரெஞ்சுக் கூலிப்படைத் தலைவரும் அவருடைய ஆட்களும். அதிபர் மாளிகையை நோக்கிச் சுட்டுக்கொண்டே போனவர்கள் சில மணி நேரத்தில் பின்வாங்கி, வந்த விமானத்திலேயே தப்பினார்கள். போகும் அவசரத்தில் தங்கள் ஆள் ஒருவரையும் திட்ட ஆவணங்கள் அடங்கிய பெட்டியையும் விட்டுவிட்டுப் போனார்கள். ஐ.நா. பாதுகாப்பு மன்றம் விசாரணைக் குழு அனுப்பியது. ஏப்ரலில் 405ஆம் தீர்மானத்தால் அந்தத் தாக்குதலைக் கண்டித்தது. கெரெகூவின் ஆட்சிக்கு இதைவிட நல்ல பரிசை எந்த நண்பரும் அளித்திருக்க முடியாது. அதற்குப்பின் பல ஆண்டுகள், எந்த எதிர்ப்பையும் ‘ஏகாதிபத்தியச் சதி’ என்று சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

ஆனாலும் மக்கள் சும்மா இருக்கவில்லை, கேலி செய்தார்கள். மார்க்சிசம்-லெனினிசத்தை, பிரெஞ்சில் மெத்தனம் என்று பொருள்படும் சொல்லோடு சேர்த்து ‘லாக்சிசம்-பெனினிசம்’ என்று திரித்தார்கள். அந்தக் கேலியில் பொருளாதார உண்மை இருந்தது. அந்நாட்டின் பிழைப்பு கொத்தோனூ துறைமுகத்தில் இறங்கி நைஜீரியாவுக்குக் கைமாறும் சரக்கில் இருந்தது. 1984இல் நைஜீரியா எல்லையை மூடி, இரண்டு ஆண்டு திறக்காமல் வைத்தபோது அந்தப் பிழைப்பு நொடித்தது. 1988இல் அரசு வங்கிகள் மூன்றும் சரிந்தன. தவறான கடன்களும் அரசுத் தொழில்களின் நட்டமும் ஒருபுறமிருக்க, அதிபரின் ஆன்மிக ஆலோசகராகப் புகுந்து அமைச்சருக்கு நிகரான அதிகாரம் பெற்றிருந்த முகமது சிசே என்ற மாலி நாட்டு மந்திரவாதி வங்கிப் பணத்தைச் சுருட்டியதும் பின்னர் வழக்கானது. பூசாரிகளை ஒடுக்கிய ஆட்சி ஒரு மந்திரவாதியின் கையில் வங்கிச் சாவியைக் கொடுத்திருந்தது.

1989இல் ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் பல மாதச் சம்பளம் பாக்கி. மாணவர்களுக்கு உதவித்தொகை இல்லை. வேலைநிறுத்தம் பரவியது. உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் பணம் தர நிபந்தனை வைத்தன, பிரான்சும் கைவிரித்தது. டிசம்பர் 7 அன்று மார்க்சிய-லெனினியம் இனி அரச கொள்கை இல்லை என்று அறிவித்த கெரெகூ, நாட்டின் எல்லாத் தரப்பினரும் கலந்துகொள்ளும் தேசிய மாநாடு ஒன்றைக் கூட்டவும் ஒப்புக்கொண்டார். பெரும்பாலும் அதை ஓர் ஆறுதல் கூட்டமாகவே அவர் கருதியிருக்க வேண்டும்: எல்லோரும் வந்து பேசுவார்கள், புகைச்சல் அடங்கும், வெளிநாட்டுப் பணம் வரும்.

1990 பிப்ரவரி 19 அன்று கொத்தோனூவின் ‘பே.எல்.எம். அலெஜோ’ ஓட்டலில் ஏறத்தாழ 490 பேர் கூடினார்கள். இங்கே சற்று நின்று அந்த அவையைப் பார்க்க வேண்டும். முன்னாள் அதிபர்கள், தொழிற்சங்கத்தினர், பேராசிரியர்கள், உழவர் பிரதிநிதிகள், பாதிரியார்கள், இமாம்கள், வோடூன் சமயத்தினர், ராணுவ அதிகாரிகள், பாரிஸிலிருந்து திரும்பிய நாடு கடந்தோர் என்று, சில மாதங்களுக்கு முன்வரை ஒரே அறையில் இருந்திருக்கவே முடியாதவர்கள் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். வானொலி அதை நேரடியாக ஒலிபரப்பியது. சந்தையிலும் வண்டிப்பேட்டையிலும் மக்கள் கூடி நின்று கேட்டார்கள். தலைமை தாங்கியவர் கத்தோலிக்க ஆயர் இசிதோர் து சூசா. பேச்சு சூடேறும்போது பிரார்த்தனை என்று சொல்லி நிறுத்தவும், தணிந்தபின் மீண்டும் தொடங்கவும் தெரிந்தவர்.

ஆறாம் ஏழாம் நாளில் மாநாடு ஒரு துணிச்சலான கேள்விக்கு வந்தது: நாம் ஆலோசனை சொல்ல வந்தவர்களா, முடிவெடுக்க வந்தவர்களா? பிப்ரவரி 25 அன்று, இந்த அவை இறையாண்மை உடையது, இதன் முடிவுகள் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்று அவர்களே தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டார்கள். எந்தச் சட்டமும் அவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கவில்லை. இது சிவிலியன்கள் நடத்தும் ஆட்சிக்கவிழ்ப்பு என்ற கண்டனம் அதிபர் தரப்பிலிருந்து எழுந்தது. தாம் பதவி விலகப் போவதில்லை என்று கெரெகூ அவைக்கு வந்தே சொன்னார். படைகள் அவர் கையில் இருந்தன. ஆயர் அவருக்கும் அவைக்கும் நடுவே பேசிக்கொண்டிருந்தார். பிப்ரவரி 28 அன்று கெரெகூ மீண்டும் வந்து, மாநாட்டின் முடிவுகளை ஏற்பதாக அறிவித்தார். இது தோல்வியோ சரணாகதியோ இல்லை, நாட்டுப் பொறுப்பு என்றார்.

ஏன் ஒப்புக்கொண்டார் என்பதற்குக் காரணங்கள் அடுக்கலாம். சிப்பாய்களுக்குக் கொடுக்கப் பணமில்லை, படைக்குள் பிளவு இருந்தது, கிழக்கு ஐரோப்பாவில் நண்பர்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தார்கள். ஆப்பிரிக்காவின் ஜனநாயக அலைக்குப் பிரெஞ்சு அதிபர் மித்தெரான் லா போல் நகரில் ஆற்றிய உரையே தொடக்கம் என்று எழுதுவோர் உண்டு. அந்த உரை நிகழ்ந்தது 1990 ஜூனில்; கொத்தோனூ ஓட்டலில் எல்லாம் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

ஆயினும் காரணங்கள் மட்டுமே ஒருவரை ஒப்புக்கொள்ள வைத்துவிடாது என்பதற்குப் பக்கத்து வீடே சாட்சி. டோகோவில் 1991இல் இதே போன்ற மாநாடு கூடி, இதே போல் தன்னை இறையாண்மை உடையதாக அறிவித்து, ஒரு பிரதமரையும் தேர்ந்தெடுத்தது. அங்கே அதிபர் எயதேமா காத்திருந்தார். அந்த டிசம்பரில் வீரர்கள் பிரதமரின் அலுவலகத்தைத் தாக்கி அவரைப் பிடித்தார்கள். எயதேமா 2005இல் இறக்கும்வரை அதிபராகவே இருந்தார், அவருக்குப்பின் அவர் மகன் வந்தார். ஆகவே கெரெகூவின் பிப்ரவரி முடிவுக்கு அவருக்கு உரிய பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும். நான் சொல்வதெல்லாம், அந்த முடிவைத் தவிர வேறு வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டிருந்த ஆசிரியர்களுக்கும் எழுத்தர்களுக்கும் மாணவர்களுக்கும் உரிய பங்கையும் கொடுக்க வேண்டும் என்பதுதான்.

மாநாடு தேர்ந்தெடுத்த பிரதமர் நிசேஃபோர் சோக்லோ, உலக வங்கியில் பணியாற்றியவர். அதிகாரம் பெரும்பாலும் பிரதமரிடம் போக, கெரெகூ பெயருக்கு அதிபராகத் தொடர்ந்தார். 1991 மார்ச்சில் இருவரும் இரண்டாம் சுற்றில் மோதினார்கள். சோக்லோவுக்கு 67 விழுக்காட்டுக்கு மேல், கெரெகூவுக்கு 32 சொச்சம். ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் பதவியில் இருந்த அதிபர் ஒருவர் மக்களின் நேரடி வாக்கில் தோற்று இறங்கியதற்கு அதற்குமுன் உதாரணம் சொல்வது கடினம். அவர் தம் ஆட்சியின் பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டார், மாறுவதற்குத் தமக்கு ஆழ்ந்த விருப்பம் இருப்பதாகச் சொன்னார். வழக்கு எதுவும் அவர்மேல் தொடரப்படாது என்று பாதுகாப்பு அளிக்கப்பட்டது. நாடு அமைதியாகக் கைமாறுவதற்குக் கொடுத்த விலை அது. அந்த விலையின் பெரும்பகுதியைச் செலுத்தியவர்கள் செக்பானாவிலிருந்து வெளியே வந்தவர்கள். அவர்களைப் பற்றிய வரிகள் புகழுரைகளில் எப்போதும் குறைவாகவே இருக்கின்றன.

அடுத்த ஐந்தாண்டு கெரெகூ கொத்தோனூவில் தம் வீட்டில் இருந்தார். பேட்டி இல்லை, அறிக்கை இல்லை. 1980இல் லிபியாவுக்குப் போனபோது இஸ்லாத்தைத் தழுவி அகமது என்ற பெயரும் சூடி, பிறகு அதை விட்டுவிட்டிருந்தவர், இப்போது தீவிர சுவிசேஷக் கிறித்துவரானார். அவர் பேசாமல் இருக்க, மற்றது எல்லாம் சோக்லோவுக்கு எதிராகப் பேசியது. 1994 ஜனவரியில் நாட்டின் நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பு பாதியானதில் விலைவாசி ஏறியது. சோக்லோ தம் மனைவியையும் உறவினரையும் முன்னே வைத்து ஆள்கிறார் என்ற குறையும் சேர்ந்தது. 1996இல் கெரெகூ 52 விழுக்காடு வாக்குகளோடு வென்றார். அவருக்கு ஆதரவளித்துப் பிரதமரானவர் அத்ரியேன் ஹூங்பெஜி. 1975இல் கெரெகூவின் ஆட்சி அவர் இல்லாமலே விசாரித்து மரண தண்டனை விதித்த அதே வழக்கறிஞர்தான்.

என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் உச்சம் தேர்தலில் இல்லை, அதன்பின் பதவியேற்பின்போது நடந்த ஒரு சிறு விஷயத்தில் இருக்கிறது. பெனினின் பதவிப் பிரமாணம் ‘கடவுள், முன்னோரின் ஆவிகள், தேசம், மக்கள்’ ஆகியோர் முன்னிலையில் எடுக்கப்படுவது. புதிதாகக் கிறித்துவராகியிருந்த கெரெகூ, 1996 ஏப்ரல் 4 அன்று உறுதிமொழி எடுக்கும்போது முன்னோரின் ஆவிகளை விட்டுவிட்டார். அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. பதினெட்டு ஆண்டு தம் சொல்லே சட்டமாக ஆண்ட தளபதி, ஏப்ரல் 6 அன்று நீதிபதிகள் முன் நின்று, விட்ட சொற்களையும் சேர்த்து முழுவதையும் மறுபடி சொன்னார். மறு ஆண்டே ஜனவரி 10ஆம் நாளை மரபுச் சமயங்களின் விழாவாக்கிப் பொது விடுமுறை அளிக்கும் சட்டம் வந்தது. கோயில் மரங்கள் வெட்டப்பட்ட காலத்தின் அதிபரே அப்போதும் அதிபர்.

இரண்டாம் வருகையில் பெரிய சாதனை என்று சொல்ல அதிகமில்லை. 1999இல் அமெரிக்காவின் பால்டிமோரில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் மண்டியிட்டு, அடிமை வணிகத்தில் ஆப்பிரிக்க அரசர்களுக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது மட்டும் தனித்து நிற்கிறது. பெனினின் உவிதா கடற்கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கையை அறிந்தவர்களுக்கு அது வெறும் சடங்காகப் படாது. மறுபுறம் 2001 தேர்தல் ஒரு கேலிக்கூத்து. முறைகேடு என்று சொல்லி சோக்லோவும் ஹூங்பெஜியும் இரண்டாம் சுற்றிலிருந்து விலக, நான்காவதாக வந்த புரூனோ அமூசு களத்தில் நின்றார். அவர் கெரெகூவின் அமைச்சரவையிலேயே இருந்தவர். ‘நட்பு ஆட்டம்’ என்று ஊர் சிரித்த அந்தப் போட்டியில் அதிபருக்கு 84 விழுக்காடு. அந்தத் தேர்தல் செலவுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலர் கொடுத்த குற்றத்தை டைட்டன் என்ற அமெரிக்க நிறுவனம் 2005இல் ஒப்புக்கொண்டு, மொத்தம் 2.85 கோடி டாலர் தண்டம் கட்டியது. அந்தப் பணத்தில் அதிபரின் முகம் அச்சிட்ட டி-ஷர்ட்டுகளும் வாங்கப்பட்டிருந்தன.

2006 நெருங்கியபோது அரசியல் சாசனத்தைத் திருத்தி இன்னொரு முறை நிற்பார் என்ற பேச்சு எழுந்தது. சுற்றியிருந்தவர்கள் அதற்கு ஆசைப்படவும் செய்தார்கள். அதிகாரத்தை நீ விட்டுப் போகாவிட்டால் அதிகாரம் உன்னை விட்டுப் போகும் என்று சொல்லி 2005இல் அவர் அதை முடித்து வைத்தார். அழகான வாசகம், ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு வரலாறு உண்டு. 1990 டிசம்பரில் சாசனத்தை வாக்கெடுப்புக்கு விட்டபோது, வேட்பாளரின் வயது 40க்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்ற விதியைச் சேர்த்து ஏற்கிறீர்களா, அதை நீக்கி ஏற்கிறீர்களா என்று மக்களைக் கேட்டிருந்தார்கள். மாகாவும் அஹோமதெக்பேவும் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டது அந்த விதி. மக்கள் அதைச் சேர்த்தே ஏற்றார்கள். பதினைந்து ஆண்டு கழித்து 72 வயது கெரெகூவையும் 71 வயது சோக்லோவையும் ஒரே வீச்சில் வெளியே நிறுத்தியது அதே விதிதான். அந்தத் தேர்தலில் வென்ற யாயி போனி என்ற வங்கியாளரிடம் 2006 ஏப்ரல் 6 அன்று பொறுப்பு கைமாறியது.

கெரெகூ 2015 அக்டோபர் 14 அன்று கொத்தோனூவில் இறந்தார். உடல் வடக்கே நாதித்திங்குவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. கொத்தோனூவில் புரட்சிக் காலத்தில் சீனர்கள் கட்டிக்கொடுத்த பெரிய விளையாட்டரங்கம் ஒன்று இருக்கிறது. ‘நட்புறவு அரங்கம்’ என்பது அதன் பழைய பெயர்; இப்போது அதன் வாசலில் ‘ஜெனரல் மத்தியூ கெரெகூ’ என்று எழுதியிருக்கிறார்கள்.